போட்டு வாங்கோ

துப்பும் கிண்ணத்தில் பச்சையரிசி கிடந்தது.

ஷாமினி முதலில் அதை உடைந்த பல்லின் துணுக்குகள் என்றுதான் நினைத்தாள். கையுறை விரலால் தொட்டுப் பார்த்தாள். அரிசியேதான், யாரோ நெடுநேரம் வாயில் வைத்திருந்து துப்பியதுபோல ஊறிப்போய். மத்தியானத்திலிருந்து நோயாளிகள் சாயும் அந்தக் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. மழை விட்டபாடில்லை, உதவிக்கு நிற்கும் டிலக்ஷியையும் தெருவில் வெள்ளம் ஏறுமுன் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. முன்னறையில் அப்பா ஜெபநேசன் மட்டும் இருந்தார், கண்ணில் படலம் விழுந்து வைத்தியத்தை விட்ட பிறகும் தன் பெயர்ப்பலகைக்குக் கீழே வந்து இருக்காவிட்டால் பொழுது போகாத மனிதர். ஷாமினி தண்ணீரைத் திறந்துவிட்டாள். அரிசி சுழன்று குழாய்க்குள் போயிற்று. கராம்பு எண்ணெயின் காரத்துக்கும் மருந்து நெடிக்கும் நடுவே பன்னீர் மணந்தது, அது மட்டும் போகவில்லை.

பன்னீரை அவள் கடைசியாக மணந்தது நீர்வேலியில், கஜீபனின் செத்தவீட்டில்.

முன்பெல்லாம் இந்தப் பல் வைத்தியசாலைக்குப் புகையிலைக் கறைப் பல்லும் கிழவிகளின் கட்டுப்பல்லும்தான் வரும். எதிரே வாழைத்தோட்டத்தை அழித்து ஆராய்ச்சிக்கும் வியாபாரத்துக்குமாகக் கண்ணாடி வளாகம் எழும்பிய பிறகு, கழுத்தில் அட்டை தொங்கும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு நேரமில்லை. பார்த்துப் பார்த்து ஷாமினிக்கும் நேரமில்லாமல் போயிற்று. கஜீபன் அந்த வளாகத்துப் பொடியன்தான். கடைவாய்ப்பல்லில் சீழ், நாடிக்குக் கீழே வீக்கம். “நொந்தால் கையை உயர்த்துங்கோ, நிப்பாட்டுவன்” என்று எல்லாரிடமும் சொல்வதையே அவனிடமும் சொன்னாள். அவள் பல்லைக் குடைந்தபோது அவன் கையை உயர்த்தினான். வெளியே அவனுடைய மேலதிகாரி தன் முறைக்குக் காத்திருந்தார், அவள் நிறுத்தவில்லை. “உது ஒண்டுமில்லை, குளிசையைப் போடுங்கோ, அடுத்த கிழமை பாப்பம்.” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போட்டு வாறன் டொக்டர்” என்று சொல்லிவிட்டுப் போனான். சீழ் தொண்டைக்கு இறங்கி மூச்சை அடைத்துவிட்டது.

செத்தவீட்டில் அவனுடைய தாய் கேதீஸ்வரி கையைப் பிடித்துக்கொண்டு ஏன் என்று கேட்டபோது, ஷாமினியின் வாயில் பொய் தானாக வந்தது.

“புடுங்கவேணும் எண்டு சொன்னனான் அம்மா. அவர்தான் பயத்திலை மாட்டன் எண்டிட்டார்.”

தாய் பெட்டிக்குள் கிடந்தவனின் நெஞ்சில் அடித்தாள். “சின்னனிலையிருந்து உனக்கு உந்தப் பயம்தானேடா” என்று திட்டித் திட்டியே வாய்க்கரிசி போட்டாள். பிள்ளையை இழந்தவள் பிள்ளையையே பழிப்பதைப் பார்த்து ஷாமினிக்கு நிம்மதி வந்தது. வெட்கம் கெட்ட நிம்மதி. அந்த நிம்மதியில்தான் நாக்குப் பிசகியது. செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். அவளோ பெட்டியைத் தொட்டு, வைத்தியசாலை வாசலில் ஒவ்வொருவரையும் போய்த் திரும்பி வரச்சொல்லிப் பழகியதை அப்படியே சொன்னாள்.

“போட்டு வாங்கோ.”

பக்கத்தில் இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது முன்னறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. தொப். பிறகு ஈரத்தில் இழுபடும் சத்தம். மறுபடி தொப். நடக்கிறவனின் கால்கள் ஒன்றுக்குப் பின் ஒன்று விழவேண்டும். இங்கே இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

“பிள்ளை,” அப்பாவின் குரல், “ஒரு தம்பி வந்திருக்கிறார். நல்ல பல்லுக்குத்துப் போலை, நாடியைச் சுத்தித் துணி கட்டிக்கொண்டு நிக்கிறார். உள்ளை அனுப்புறன்.”

நாடியைச் சுற்றித் துணி. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் திரை விலகியது.

பட்டு வேட்டி. மூக்கில் பஞ்சு. நாடிக்கட்டு. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. கையிலும் அப்படியே. அவன் அவளைப் பார்க்கவில்லை. வழமைபோலக் கதிரையில் ஏறிச் சாய்ந்தான். எரித்த உடல்தானே என்று அவள் மனம் சொல்லிப் பார்த்தது. புகை மணமும் அடித்தது.

கதவு அவனுக்குப் பின்னால் இருந்தது. ஓட முடியவில்லை. பல்லைப் பிடுங்கிவிட்டால் போய்விடுவான், அதற்குத்தானே வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு நாடிக்கட்டை அவிழ்த்தாள். வாய் திறந்தது. அரிசி கொட்டியது. நாக்கின் கீழே வீக்கம், கருநீலமாக.

“மன்னியுங்கோ,” என்றாள் மிக மெல்ல, அப்பாவுக்குக் கேட்டுவிடாதபடி.

பல் பிடுங்கும் குறட்டை எடுத்து வைத்தாள். செத்தவனுக்கு என்ன நோவு என்று விறைக்க ஊசி போடவில்லை. திருகினாள். எலும்பு நெரிந்தது.

கட்டிய கைகள் இரண்டும் சேர்ந்து உயர்ந்தன.

அவள் நிறுத்தவில்லை.

பல் வந்தது. தட்டில் விழுந்து உருண்டது. அவன் இறங்கினான். தொப். இழுவை. தொப். திரையருகே போய் நின்றான். போகவில்லை. முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான், இப்போதுதான் முதல்தரம்.

அவளுக்கு விளங்கியது. அவள் வரச்சொல்லித்தான் வந்தான். ‘போங்கோ’ என்றால் போய்விடுவான். வெறும் போங்கோ. அதைச் சொல்லிப் பழகாத நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“போ...” என்றாள்.

“ஆர் பிள்ளை அது?” அப்பா கேட்டார். “நீர்வேலிப் பொடியன்ரை சாயலாக் கிடந்தது. பயத்திலை பல்லுப் புடுங்கமாட்டன் எண்டு செத்துப்போனதெண்டு சொன்னியே, உவர் அவரின்ரை ஆக்களோ?”

சொல்லிவிடலாம். ஓம் அப்பா, அவன்தான், நான்தான் பொய் சொன்னேன், நீங்கள் அவனிட்டை ஒண்டும் சொல்லாதேயுங்கோ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பெயர்ப்பலகை, வளாகத்து ஆட்கள், அப்பாவின் முகம் எல்லாம் அவள் கண்ணுக்குள் வந்துபோயின.

“இல்லை அப்பா. வழமையா வாற ஆள்தான்.”

“அப்பிடியோ,” அப்பாவின் குரலில் மகிழ்ச்சி. “அப்ப போட்டு வாங்கோ, தம்பி.”

திரை அசைந்தது. அங்கே யாரும் இல்லை.

அவளுக்குப் பின்னால் கதிரை கிறீச்சிட்டது.

தட்டைப் பார்த்தாள். பல் இல்லை. கிண்ணத்தில் அரிசி. நாடிக்கட்டு புதிதாக, இறுக்கமாக. விளக்கு வெளிச்சத்தில் அவன் சாய்ந்து கிடந்தான். அவள் இன்னும் தொடவேயில்லை.

கைகள் உயர்ந்திருந்தன.