திங்கட்கிழமை மணி

திங்கட்கிழமை அந்த மணி கேட்டிருக்கக் கூடாது. அந்த ஊரில் வியாழனும் சனி, ஞாயிறும்தான் வேட்டை; மற்ற நாட்களில் துப்பாக்கிகள் அலமாரியிலும் நாய்கள் கூண்டிலும் கிடக்கும். ஆனாலும் திராட்சைத் தோட்டத்தின் கடைசி வரிசையில், காடு தொடங்குவதற்குச் சற்றுக் கீழே, கம்பத்தில் கட்டியிருந்த ஆரஞ்சு நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சொலேன் அதைக் கேட்டாள். மேலே மூடுபனிக்குள் எங்கேயோ, நாயின் கழுத்தில் கட்டும் சிறிய மணி, பொடிப்பொடியாக, வேகமாக ஒலித்துக்கொண்டே போனது. பிறகு சட்டென்று நின்றது.

யாரோ நாயைத் தப்பவிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நாடாவைச் சுருட்டி இடுப்புப் பைக்குள் திணித்துவிட்டு அடுத்த கம்பத்துக்கு ஏறி ஓடினாள்.

முந்தின நாள்தான் ஓட்டப்பந்தயம் முடிந்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துக் கணவாயில் தொடங்கி, காட்டைக் கடந்து, தோட்டங்கள் வழியே இறங்கி, தேவாலய வாசலில் முடியும் பாதை. வழி காட்டக் கட்டிய நாடாக்களை உடனே அவிழ்த்துவிட வேண்டும். ஒன்றை மறந்தாலும் அடுத்த வருஷம் காட்டின் சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள். ஓட்டக்காரர் சங்கத்தில் யாரும் தொடாத இந்த வேலையை சொலேனும் அவள் கணவன் அர்னோவும்தான் வருஷந்தோறும் செய்தார்கள். அவள் கீழிருந்து ஏறுவாள், அவன் கணவாயிலிருந்து இறங்குவான். நடுக்காட்டில் ஒரு கல் குடில் இருந்தது. அங்கே சந்தித்து, அவன் சுமந்து வரும் காப்பியைக் குடித்துவிட்டு, சேர்ந்து ஊருக்கு இறங்குவார்கள்.

போன மாதம் சுளுக்கிய அவன் வலது கணுக்கால் இன்னும் சரியாகவில்லை. தனியாகவே முடித்துவிடுகிறேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. மதியம் அவள் கணவாயில் கொண்டுபோய் விட்டபோது, காரிலிருந்து இறங்கும்போதும் அவனுக்குக் கேலிதான்.

“குடிலுக்குக் கடைசியா வர்றவங்க இந்த வாரம் பூரா பாத்திரம் கழுவணும்.”

“நொண்டிக்கிட்டுப் போறவன் பந்தயம் கட்டுற லட்சணத்தைப் பாரு.”

“என் நொண்டி நடைதான் உனக்கு எங்கேயிருந்தாலும் கேட்டுடுமே. கேட்டதும் பயந்து வேகமா ஏறு.”

அது உண்மை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் பேசாமல்தான் ஓடினார்கள். பேச்சுக்குப் பதிலாக அவளிடம் அவனுடைய காலடிச் சத்தம் இருந்தது. களைத்திருக்கிறானா, கோபமாக இருக்கிறானா என்பது முதுகுக்குப் பின்னால் கேட்கும் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சுளுக்குக்குப் பிறகு இடது கால் அழுத்தி விழுந்தது. வலது கால் தரையைத் தொட்டும் தொடாமலும் வந்தது.

காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிவிட்டது. கீழே யாரோ கவாத்துக் குச்சிகளை எரிக்கும் புகை அதுவரை மூக்கிலேயே இருந்தது. இப்போது அது விலகி, நனைந்த ஓக் இலைகளின் புளித்த வாடையும் காளான் வாடையும், பிழிந்த திராட்சைச் சக்கையை எங்கோ கொட்டி மூடியதுபோல் ஓர் அடி நாற்றமும் வந்து சேர்ந்தன. ஒரு காலத்தில் இதுவும் தோட்டமாகத்தான் இருந்தது. கொடிகளுக்கு நோய் வந்து எல்லாம் செத்தபின் காடு திரும்பி வந்து எடுத்துக்கொண்டது. மரங்களுக்கிடையே பாசி பிடித்த கல் வரப்புகள் மட்டும் யாருக்கோ காத்திருப்பதுபோல் வரிசை தப்பாமல் மேலேறிப் போயின. பனி கிளைகளில் கோர்த்துச் சொட்டும் சத்தம். அவள் மூச்சு. நாடா அவிழும்போது வரும் சிறு சரசரப்பு. வேறு எதுவும் இல்லை.

மணி மறுபடி கேட்கவில்லை. கேட்காதது அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வேட்டைக்காரர் ஃபெரெயோல் சொன்னது நினைவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முந்தின நாள் பந்தயம் முடிந்து எல்லோரும் ஊர் மண்டபத்தில் வெங்காய சூப்பு குடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கிழட்டு வேட்டைக்காரர் அவர்கள் மேசைக்கு வந்தார். ஓடுகிறவர்களைச் சீண்டாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. “பின்னாடி யாரும் தொரத்தலையே, அப்புறம் எதுக்குப்பா இந்த ஓட்டம்?” என்றார். மேசையே சிரித்தது. பதிலுக்குச் சீண்டுவதாக நினைத்து, இந்த வருஷம் உங்கள் நாயைக் காணோமே, உங்களை விட்டு ஓடிவிட்டதா என்று அர்னோ கேட்டான். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

காட்டு உள்ளான் பறவையை வேட்டையாடும்போது நாய் புதருக்குள் மறைந்துவிடும், அதனால்தான் கழுத்தில் மணி கட்டுவது என்று தொடங்கினார். மணி ஒலிக்கும்வரை நாய் தேடுகிறது.

“நின்னுட்டா, இரையைப் பாத்துருச்சுன்னு அர்த்தம். அப்புறம் குரைக்காது, பாயாது. ஒரு காலைத் தூக்கினபடி, மூக்கை நீட்டிக்கிட்டு, அப்படியே கல்லு மாதிரி நிக்கும். துப்பாக்கிக்காரன் வர்ற வரைக்கும்.”

போன குளிர்காலத்தில் அவருடைய நாய் நுவாசெத் கல் குடிலுக்குப் பக்கத்தில் அப்படி நின்றது. அதாவது, மணி நின்றது. அவர் போய்ப் பார்த்தபோது இலைகளின்மேல் கழுத்துப்பட்டை மட்டும் கிடந்தது. கொக்கி மாட்டியபடியே இருந்தது. மணி இல்லை. பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றிருக்கும்போதே மேலே, மரங்களுக்குள், மணி மறுபடி ஒலிக்கத் தொடங்கியது. அவர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அர்னோ கேட்டான்.

“என் நாய் நடை எனக்குத் தெரியாதா தம்பி? அது நுவாசெத் இல்ல.”

அர்னோ சிரித்தபடி அவர் கோப்பையில் வைன் ஊற்றினான். அவர் அதைத் தொடாமலே எழுந்து போனார்.

சொலேன் வேகத்தைக் கூட்டினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அடுத்த நாடா தெரிந்தது. தெரியும்வரை அர்னோ அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை என்று பொருள். அவிழ்த்தாள், திணித்தாள், ஏறினாள். கால் வலி கூடியிருக்கும், மெதுவாக வருகிறான். குடிலில் அவள்தான் முதலில் இருக்கப்போகிறாள். ஒரு வாரப் பாத்திரம். அதை நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். முகம் குளிரில் விறைத்திருந்தது.

பனிக்குள்ளிருந்து குடில் வந்தது. தேனீக் கூடுபோல் குவிந்த கற்கள், தாழ்ந்த வாசல், உள்ளே இருட்டு. வாசல் கல்லில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. பந்தயத்துக்கு முன் அதில் அவள்தான் நாடா கட்டியிருந்தாள்.

நாடா பாதி அவிழ்ந்து தொங்கியது.

மேலே போகும் பாதையைப் பார்த்தாள். முதல் மரத்தில் இல்லை. அடுத்த மரத்தில் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை ஒன்றும் இல்லை. எல்லாம் எடுத்தாகிவிட்டது. அப்படியானால் அவன் இதுவரை வந்துவிட்டான்.

“அர்னோ.”

பனி அந்தப் பெயரை வாங்கி வைத்துக்கொண்டது.

வளையத்துக்கு நேர் கீழே அவன் முதுகுப்பை கிடந்தது. வாயிலிருந்து ஆரஞ்சு நாடாக்கள் வழிந்திருந்தன. காப்பிக் குடுவை கவிழ்ந்து, சருகில் ஊறிய காப்பியிலிருந்து இன்னும் மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து பையை எடுத்தாள். தோள் வார்கள் கதகதப்பாக இருந்தன. மார்புக்குக் குறுக்கே மாட்டும் கொக்கி கழற்றப்படவில்லை. இடுப்புக் கொக்கியும் அப்படியே. பூட்டியது பூட்டியபடி.

இரண்டையும் மாட்டியபடி அந்தப் பையிலிருந்து ஒரு மனிதன் வெளியே வர முடியாது.

கைப்பேசியை எடுத்தாள். சிக்னல் இல்லை. இங்கே என்றைக்குமே இருந்ததில்லை. ஊருக்கு ஓடி ஆட்களைக் கூட்டி வரலாம்; அதற்குள் இருட்டிவிடும். அவன் எங்கேயோ விழுந்து கிடந்தால்? அந்தக் காலோடு? அவனை விட்டுவிட்டு இறங்க அவளால் முடியவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது மேலே மணி ஒலிக்கத் தொடங்கியது.

முன்பு கேட்டது போல் இல்லை. பொடிப்பொடியாக இல்லை. நிதானமாக. கனமாக. இடது பக்கம் போனது. வளைந்து திரும்பியது. வலது பக்கம் போனது. மறுபடி திரும்பியது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழே. எதையோ தேடுவதுபோல்.

சொலேன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். இப்போது மணிக்கு அடியில் சருகு நொறுங்குவதும் கேட்டது. நான்கு கால்கள் இல்லை. இரண்டு. ஒன்று அழுத்தி. ஒன்று தொட்டும் தொடாமலும். ஒன்று அழுத்தி. ஒன்று தொட்டும் தொடாமலும்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கிழவர் சொன்ன கதையை வைத்து விளையாடுகிறான். எங்கேயோ ஒரு பழைய மணி கிடைத்திருக்கிறது. வேறென்ன.

“போதும் அர்னோ. நீதான் ஜெயிச்சே. பாத்திரம் நான் கழுவறேன். வா, வீட்டுக்குப் போலாம்.”

காலடிகள் நின்றன. ஒரு நொடி. பிறகு அவளை நோக்கி நேராக வந்தன. வேகமாக. மிக வேகமாக. பனியில் ஒரு கருமை. உயரம் தெரிந்தது. தோள் தெரிந்தது. அவனுடைய நீலச் சட்டை.

மணி நின்றது.

கை நீட்டினால் தொடும் தூரத்தைவிடச் சற்றே தள்ளி அர்னோ நின்றிருந்தான். உடல் முன்னால் சாய்ந்திருந்தது. கழுத்து அவளை நோக்கி நீண்டிருந்தது, முகமும் தாடையும் அதே கோட்டில். நொண்டிக் கால் முழங்காலில் மடங்கி, தரைக்கு மேலே. தொண்டைக்குழியில், வாரோ கயிறோ எதுவும் இல்லாமல், சதைக்குள்ளிருந்தே முளைத்ததுபோல் அந்தச் சின்ன மணி.

அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இமைக்கவில்லை. கண்ணோரம் ஈரம் இறங்கியது. தூக்கிய கால் நடுங்கவில்லை.

“அர்னோ.”

அவன் பார்வை மட்டும் நகர்ந்தது. அவள் முகத்தை விட்டு. அவள் தோளுக்கு மேலாக. அவளுக்குப் பின்னால், குடிலின் தாழ்ந்த வாசலுக்கு. அங்கே நிலைத்தது.

உள்ளே இருட்டில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. ஒரு காலடி. நிதானமாக. எந்த அவசரமும் இல்லாமல், அடுத்தது.

அர்னோவின் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. மணி அசையவே இல்லை.