பிபுல்-தா துடைத்த பனி

"இறக்குங்க. அதை உடனே இறக்குங்க."

தோராலி சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டு ஓடினாள். விழுந்த வேகத்தில் சைக்கிள் மணி தானாக ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போகும் கொஹோரா ஜீப் நிறுத்தத்தில், இரண்டு மூங்கில் கம்பங்களுக்கு நடுவே புதிய பேனர் ஏறிக்கொண்டிருந்தது. ஏணியில் நின்று கயிறு கட்டியவர் ஸ்டுடியோக்காரர் பிபுல்-தா. ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அண்ணன் முறை. சின்னப் பெண்களை அங்கே செல்லமாக 'மைனா' என்பார்கள்.

"வந்துட்டியா மைனா? உன் படம்தான். எப்படி இருக்கு பாரு."

தோராலி அண்ணாந்து பார்த்தாள். இரண்டு காதுகளும் சுட்டன.

அவள் எடுத்த படத்தில் முக்கால்வாசி பனிமூட்டம்தான். அதற்குள்ளே, தள்ளி, தீப்பெட்டி அளவில் ஒரு காண்டாமிருகம் தலையைத் திருப்பி எதையோ கேட்டுக்கொண்டு நிற்கும். பின்னால் இலை உதிர்ந்த ஓர் இலவ மரம், பென்சிலால் கீறிய மாதிரி. பார்க்கிறவர்கள் தங்களை அறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்படி ஒரு படம்.

பேனரில் பனியைக் காணோம். மரத்தைக் காணோம். இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரைக்கும் ஒரே காண்டாமிருகம். கிளிப்பச்சைப் புல். ஆரஞ்சுப் பழம் மாதிரி ஒரு சூரியன். போதாக்குறைக்கு அந்தக் காண்டாமிருகத்துக்கு நீள நீளமாகக் கண்ணிமை முடிகள்.

"பனி எங்கே?"

"துடைச்சுட்டேன். அதுக்குன்னே கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன் இருக்கு," என்றார் பிபுல்-தா பெருமையாக.

"இமை முடி?"

"பெருசாக்கினதும் மூஞ்சி மங்கிப் போச்சு. நானே வரைஞ்சேன். போன வாரம் கல்யாண ஆல்பம் பண்ணின அதே கை."

"இது கல்யாணப் பொண்ணு இல்லை, பிபுல்-தா."

"தெரியும். அதனாலதான் பொட்டு வைக்கலை."

சுற்றி நின்ற ஜீப் டிரைவர்கள் சிரித்தார்கள். தோராலி சிரிக்கவில்லை.

"என்னைக் கேட்காம எப்படி வெட்டலாம்?"

"கோச்சுக்காதே மைனா," என்றார் ஒரு டிரைவர். "காண்டாமிருகம் பொடிசா இருந்தா வர்றவன் என்ன நினைப்பான்? இந்த ஊர் டிரைவருங்களுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டத் தெரியாதுன்னு நினைக்க மாட்டானா? எல்லாரும் உங்கப்பா மாதிரியா?"

மறுபடியும் சிரிப்பு. தோராலியின் அப்பாவுக்கு அங்கே 'தூரத்து லோகேன்' என்று பெயர். காண்டாமிருகத்தைக் கண்டால் எல்லாருக்கும் முன்பே, எல்லாரையும் விடத் தள்ளியே ஜீப்பை நிறுத்துகிறவர் அவர். இப்போதும் தள்ளி நின்று ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா எள் பிட்டாப் பலகாரத் தட்டோடு வந்து சேர்ந்தாள். பேனர் திறப்பு விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, விடியும் முன்பே எழுந்து சுட்டவை. வந்ததும் வராததுமாகப் பக்கத்தில் நின்றவரிடம் ஆரம்பித்தாள்.

"காட்டோரத்துல வீடு இருந்தா இப்படித்தான். எங்க மாட்டுக் கொட்டகைக் கூரைத் தகரத்தைப் பார்த்தீங்களா? நடுவுல பெரிய குழி. குரங்கு வேலை. கையில கிடைச்சா வாலை ஒட்ட நறுக்கிடுவேன்."

தோராலி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் ரேஞ்சரின் வண்டி வந்து நின்றது. ஊரே பைதேவ், அதாவது அக்கா, என்றழைக்கும் பெகு இறங்கினார். டிரைவர்கள் ஓடிப்போய் அவர் தோளில் கமோசாத் துண்டு போர்த்தினார்கள். அவர் கைகூப்பி வாங்கிக்கொண்டு பேனரை நிமிர்ந்து பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வற்றிப்போனது.

பேனரின் அடியில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'சாதாரணக் கைப்பேசியில் எடுத்த படம். எடுத்தவர், நமது டிரைவர் லோகேன் போராவின் மகள் தோராலி.'

"கைப்பேசியிலா? அப்படின்னா அதோட மூக்குக்கு முன்னாடி நின்னுதான் எடுத்திருக்கணும்." அவர் திரும்பினார். "லோகேன், ஞாயிற்றுக்கிழமை உங்க பொண்ணை ஜீப்ல கூட்டிக்கிட்டுப் போவீங்க இல்லையா?"

"போவேன் பைதேவ். ஆனா இவ்வளவு கிட்ட நான் போனதே இல்லை."

"படம் வேற மாதிரி சொல்லுதே."

இருபது வருடமாகத் தள்ளி நின்றவர், கிட்டப் போனதாகக் குற்றம் சாட்டப்பட்டால் என்னதான் சொல்வார்?

"விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் உங்க ஜீப் காட்டுக்குள்ள போக வேண்டாம்," என்றார் ரேஞ்சர். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மிருகத்துக்குக் கிட்டப் போகக் கூடாதுங்கிற விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

இவ்வளவு நேரம் சிரித்தவர்கள் இப்போது தரையைப் பார்த்தார்கள். அப்பா துடைக்கும் துணியை மெதுவாக மடித்து ஜீப் இருக்கையில் வைத்தார்.

அதைப் பார்த்ததும் தோராலிக்குப் பொறுக்கவில்லை. நேராக ரேஞ்சர் முன்னால் போய் நின்றாள்.

"பைதேவ், இந்தப் படம் பொய் சொல்லுது. நான் எடுத்தது இது இல்லை. நடுவுல எவ்வளவு தூரம்னு காட்டினதே அந்தப் பனிதான். அதைத்தான் இவர் துடைச்சுட்டார்."

"சரி. எங்கே நின்னு எடுத்தே?"

தோராலி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் முகம் ஜெயித்தது. அவள் ரேஞ்சரின் காதருகே எம்பி எதையோ சொன்னாள்.

ரேஞ்சரின் புருவங்கள் மேலே போயின. "நிஜமாவா? சாட்சி இருக்கா?"

"படத்துலயே இருக்கு. பிபுல்-தா வெட்டித் தள்ளின பக்கத்துல."

"முழுப் படத்தைக் காட்டு."

"அம்மா போன்ல இருந்தது." தோராலி உதட்டைக் கடித்தாள். "பஜனை வீடியோவுக்கு இடம் பத்தலைன்னு அம்மா அழிச்சுட்டாங்க. இப்போ ஸ்டுடியோவுல மட்டும்தான் இருக்கு."

எல்லாரும் பிபுல்-தாவைப் பார்த்தார்கள். அவர் ஏணியில் ஒரு படி கீழே இறங்கினார்.

"ஸ்டுடியோவுலயும் இல்லை. திருத்தின படத்தை அதே பேர்ல சேமிச்சுட்டேன். பழசு போயிடுச்சு."

தோராலிக்கு வந்த கோபத்தில் கண்ணீரே வந்துவிட்டது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஒரு நொடி யோசித்தாள்.

"பிபுல்-தா, கம்ப்யூட்டரை அணைச்சீங்களா?"

"நான் என்னைக்கு அணைச்சிருக்கேன்? அணைச்சா திரும்ப எழுந்திருக்க மத்தியானம் ஆகும்."

"படத்தை மூடினீங்களா?"

"இல்லை, அப்படியே வந்தேன்."

"அப்போ வாங்க. நீங்க செஞ்ச மாத்தத்தை ஒவ்வொண்ணா அழிச்சுப் பின்னாடி போகலாம்."

ஸ்டுடியோ எதிர்ச்சாரியில்தான் இருந்தது. தோராலி முன்னால் ஓட, ரேஞ்சர், அப்பா, பிட்டா தட்டோடு அம்மா என்று ஒரு கூட்டமே அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கியடித்தது. பிபுல்-தா நாற்காலியில் உட்கார்ந்தார். மின்விசிறி நின்றது.

"கரண்ட் போச்சு," என்றார் அப்பா.

மேசைக்கு அடியில் பேட்டரிப் பெட்டி கீச், கீச் என்று கத்த ஆரம்பித்தது.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"முன்னெல்லாம் நல்லாத் தாங்கும்," என்றார் பிபுல்-தா பரிதாபமாக.

"சீக்கிரம், பின்னாடி போங்க."

அவர் பொத்தானை அழுத்தினார். ஓர் இமை முடி மறைந்தது. மறுபடி அழுத்தினார். இன்னொரு முடி.

"ஒவ்வொரு முடியா போகுதே. எத்தனைதான் வரைஞ்சீங்க?"

"கொஞ்சம் ஆசையா வரைஞ்சுட்டேன் மைனா."

கீச், கீச். பெட்டி வேகமாகக் கத்தியது. தோராலி அவர் கையைத் தள்ளிவிட்டுத் தானே அழுத்தினாள். முடிகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. கடைசி முடியும் போனபின் சூரியன் அணைந்தது. கிளிப்பச்சை வெளுத்துச் சாம்பலானது. அடுத்த அழுத்தலில், எங்கிருந்தோ கசிந்து வந்த மாதிரி, பனி திரும்பி வந்தது.

அம்மாவின் தட்டில் கை வைக்கப் போனவர்கூட நிறுத்திக்கொண்டார்.

இன்னும் ஒரே ஓர் அழுத்தல். படம் நாலு பக்கமும் விரிந்தது. காண்டாமிருகம் தூரத்துக்குப் போய்த் தீப்பெட்டி அளவானது. இலவ மரம் வந்தது.

"முதல்ல வேற பேர்ல சேமிங்க," என்றாள் தோராலி.

பிபுல்-தா சேமித்தார். தோராலி படத்தின் இடது மூலையைத் தொட்டுக் காட்டினாள். பனிக்குள் மங்கலாக ஒரு முற்றம். முற்றத்தில் ஒரு ஜீப். அதன் முன்மூடி மேல் உப்பிக்கொண்டு தூங்கும் ஒரு கோழி.

ரேஞ்சர் குனிந்து பார்த்தார். "லோகேன், இது யாருடைய ஜீப்?"

"என்னோடதுதான். கோழியும் எங்களோடதுதான்."

"ஜீப் படத்துக்குள்ளயே நிக்குது. அப்புறம் அதுலேருந்து எப்படிப் படம் எடுக்க முடியும்?" ரேஞ்சர் நிமிர்ந்தார். "தப்பு என்னோடது. நீங்க வண்டியை எடுங்க. இவ்வளவு தள்ளி நிக்கிற டிரைவரைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்."

பேட்டரிப் பெட்டி நீளமாக ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. திரை கறுத்தது. அப்பா தோராலியின் தலையில் கை வைத்தார்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. பேனரை மறுபடி செய்ய வேண்டும். பிபுல்-தா நாற்காலியைத் தோராலிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அம்மா பின்னால் நின்றாள்.

தோராலி படச் சட்டத்தின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்தாள். முற்றம், ஜீப், கோழி மூன்றும் வெளியே போயின.

"பார்த்தியா, நீயும் வெட்டுறே," என்றார் பிபுல்-தா.

"வெட்டத்தான் செய்யறேன். கோழியைப் பார்த்தா சிரிப்பு வருது. இந்தப் படத்துல சிரிப்பு வரக் கூடாது."

வலது பக்கத்தை அவள் தொடவே இல்லை. அங்கே வெறும் பனி.

"இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையே மைனா. வீணாப் போற இடம்."

"காண்டாமிருகம் அந்தப் பக்கம்தானே பார்க்குது. கொஞ்ச நேரத்துல அங்கேதான் நடந்து போச்சு. அது போக இடம் வேண்டாமா?"

பிபுல்-தா ஸ்டூலைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "சூரியன் வேண்டாம்தானே?" என்று கடைசியாகக் கேட்டபோது குரல் தாழ்ந்திருந்தது. வேண்டாம் என்று அவரே தலையாட்டிக்கொண்டார்.

பின்னால் நின்ற அம்மா திடீரென்று திரைக்கு அருகே குனிந்தாள்.

"தோராலி, அந்த முழுப் படத்தை இன்னொரு தடவை காட்டு."

தோராலி காட்டினாள்.

"இது நம்ம வீட்டு முற்றம். ஜீப்போட கூரை மேலேருந்து தெரியுது. கோழியோட முதுகு தெரியுது." அம்மா விரலால் கணக்குப் போட்டாள். "இதோ கீழே ஒரு தகர விளிம்பு. இதை எடுக்கணும்னா எங்கே நிக்கணும்?"

தோராலி சத்தமில்லாமல் நாற்காலியிலிருந்து இறங்கி, பிபுல்-தாவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ரேஞ்சர் பைதேவ் காதுல அப்படி என்னதான் சொன்னே?"

"கொட்டகைத் தகரத்துல குழி போட்ட குரங்கு நான்தான்னு சொன்னேம்மா."