பன்னிரண்டாயிரம் ஓம் மாப்பிள்ளை

செவ்வாய்க் குடியிருப்பில் பெண் பார்க்க வருகிறவர்கள் காற்றுக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் முதலில் கேட்பது காப்பி அல்ல, செப்புக் கம்பி. பெண்ணிடம் கைக்கொரு கம்பியைக் கொடுத்து, பன்னிரண்டு வோல்ட் மின்னழுத்தத்தில் மின்சாரம் விடுவார்கள். பிறகு மாப்பிள்ளைக்கும் அதே மரியாதை. இருவர் எண்ணும் ஒத்துப்போனால்தான் கல்யாணம்.

ஜாதகம் அங்கே முதல் தலைமுறையிலேயே படுத்துவிட்டது. நிற்கிற தரையே செவ்வாய் என்றால், யாருக்குத் தோஷம் இல்லை என்று சொல்வது? அதனால் அறிவியல்பூர்வமாக மின்பொருத்தம் கொண்டுவந்தார்கள். உடம்புக்குள் பதித்த சில்லுகளுக்காக அந்தக் காலத்தில் அதற்கு ஏதோ காரணமும் இருந்தது. சில்லுகள் எப்போதோ மாறிவிட்டன. வழக்கம் மாறுமா, அது பாட்டுக்கு இருந்தது.

நிறைமதிக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, தன் தலையில் விடிகிறவரை. அவளும் பரிதியும் ஆக்சிஜன் ஆலையில் ஒரே பிரிவு. காதலித்தார்கள். அவனை வியாழனின் நிலவு ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். மனைவி என்றால் கூடவே போகலாம். இல்லையென்றால் அடுத்த கப்பல் வருவதற்குள் இருவருக்கும் தலை நரைத்துவிடும்.

சாப்பாட்டு வேளையில் ஆலையின் அளவுமானியை வைத்து இருவரும் ரகசியமாகச் சோதித்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு வோல்ட்டுக்கு அவள் உடம்பில் ஓடியது ஒரு மில்லியாம்பியர். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. ஆக, பன்னிரண்டாயிரம் ஓம். அவனுக்கு இரண்டு மில்லியாம்பியர் ஓடியது; ஆறாயிரம் ஓம். பெருக்கினால் வருகிற மின்திறனும் ஒத்துவரவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு மில்லிவாட், அவனுக்கு இருபத்துநான்கு. இரண்டு கணக்கிலும் சரிபாதி வித்தியாசம். எந்தப் பெற்றோர் ஒப்புவார்கள்? நிறைமதி அன்று சாப்பாட்டைத் தொடவில்லை.

பெண் பார்க்க நாள் குறித்ததும், குடியிருப்பின் முறைப்படி இருவரையும் வேலைக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்தி, உள்காதுப் பேசிகளையும் அடைத்துவிட்டார்கள். பொருத்தம் பார்க்கிறவரை ஒருவரோடொருவர் பேசக்கூடாது. பேசினால் நாடி துடித்துக் கணக்கு கெட்டுவிடுமாம்.

பேச்சைத்தானே அடைத்தார்கள், மூளையை அடைக்கவில்லையே! தோல் ஈரமானால் தடை குறையும் என்பது நிறைமதிக்குத் தெரியும், உப்பு ஈரமென்றால் இன்னும் நல்லது. விருந்தாளிகள் வருவதற்குச் சற்று முன்பு, அம்மாவின் நாரத்தங்காய் ஊறுகாய் ஜாடிக்குள் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை விட்டு ஊறவைத்தாள். ஊறுகாய் வாசனையோடு வந்து நமஸ்காரம் செய்த மணப்பெண் அந்தக் கிரகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பொருத்தம் பார்க்க வந்தது கணியன் என்ற இயந்திரன். கம்பிகளை அவள் கையில் கொடுத்துவிட்டு அறிவித்தது: இரண்டு மில்லியாம்பியர், ஆறாயிரம் ஓம். நிறைமதிக்கு உள்ளுக்குள் குத்தாட்டம். ஜெயித்தாயிற்று!

அடுத்து பரிதி. அவன் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டியபோதுதான் அவள் கவனித்தாள். உள்ளங்கை இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. அடப்பாவி, ஒரு டப்பா பவுடரையும் கொட்டித் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறான்! ஈரம் போனால் தடை ஏறும் என்று அவனுக்கும் தெரியுமே.

"ஒரு மில்லியாம்பியர்," என்றது கணியன். "பன்னிரண்டாயிரம் ஓம். பொருத்தம் இல்லை."

அவன் அவளுக்காக ஏறினான், இவள் அவனுக்காக இறங்கினாள், வழியில் இருவரும் சந்திக்கவே இல்லை. நிறைமதிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். சொன்னாலும் எண்கள் இடம் மாறுமே தவிர வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். கூடவே மோசடிப் பட்டமும் சேரும். பரிதி தரையைப் பார்த்தபடி நின்றான்.

பரிதியின் அம்மா செண்பகவடிவுக்கு மனசு கேட்கவில்லை. பெண்ணை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. இயந்திரனின் அருகில் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏம்பா, இதுக்கு ஒரு வழியும் இல்லையா?"

கணியன் தயங்கவே இல்லை. "உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால் பதிலை எப்போதும் கையில் வைத்திருப்பேன்."

பிறகு அது விளக்கியது. சமமான இரண்டு தடைகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் மொத்தத் தடை பாதியாகிவிடும். ஆகவே மாப்பிள்ளை முதலில் பன்னிரண்டாயிரம் ஓம் மின்தடையம் ஒன்றுக்கு முறைப்படி தாலி கட்டிவிட வேண்டும். அதோடு இணைந்ததும் அவர் ஆறாயிரம் ஓம் ஆகிவிடுவார், திறனும் இருபத்துநான்கு மில்லிவாட்டாகி ஒத்துப்போகும். அதன்பின் பெண்ணுக்குத் தாலி கட்டலாம், குறை ஒன்றும் இல்லை.

கூடம் கலகலவென்று ஆனது. மறுநாளே கல்யாணம் என்று முடிவாயிற்று. மின்தடையத்துக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, விரல்நீளப் பட்டுத் துணியும் சுற்றி, சின்ன மணையில் உட்கார வைத்தார்கள். பரிதி சிரிப்பை அடக்கிக்கொண்டு அதற்கு முதல் முடிச்சுப் போட்டான். மணப்பெண் பக்கத்தில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு செண்பகவடிவு சம்பந்தியின் பக்கம் சாய்ந்தாள்.

"பூமியில இருந்தாங்களே நம்ம முன்னோருங்க, தோஷம் போகணும்னு வாழைமரத்துக்குத் தாலி கட்டுவாங்களாமே, கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"மரத்துக்கா?" நிறைமதியின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாவம், விவரம் தெரியாத சனங்க."

கெட்டிமேளம் முழங்கியது. இருவரும் பயபக்தியோடு மின்தடையத்தின் தலையில் அட்சதை போட்டார்கள்.