பின்னால் இன்னும் ஒருவர்

மேலெரி பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிய பிறகும், பின்சக்கரத்தின் கிர்ர்ர் சத்தம் ஒரு நொடி கூடுதலாகக் கேட்டது.

பெடல் மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியைத் தன் போக்கில் உருளவிடும்போது மட்டும் வரும் சத்தம் அது. மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தங்கள் வண்டியின் கிர்ர்ர் சத்தம், பெற்ற பிள்ளையின் அழுகை மாதிரி, எத்தனை பேர் நடுவிலும் தனியாகத் தெரியும். கேட்டது அவள் வண்டிதான். ஆனால் அவள் வண்டி அவள் காலிடுக்கில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். ஊசியிலை மரங்கள் நெருக்கியடித்து நின்றன. இரவு பெய்த மழை இன்னும் கிளைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, பாதையில் அவள் சக்கரம் கிழித்த கோடு ஈரமாக மினுங்கியது. வேறு யாரும் இல்லை.

"என்ன, அதுக்குள்ள மூச்சு வாங்குதா?" கீழ் வளைவிலிருந்து அவள் கணவன் டெகிட் கத்தினான். "நாள் பூரா ஓட்டணும்னு சொன்னது யாரு, நானா?"

"போய்யா! உன் தொப்பையைத் தூக்கிட்டு வர்ற வண்டியைக் கேளு, யாருக்கு மூச்சு வாங்குதுன்னு!"

நாள் பூரா ஓட்டவேண்டும் என்று சொன்னது அவள்தான். மகள் மாப்லி பிறந்து மூன்று வருடங்களில் கிடைத்த முதல் முழு நாள் இது. குழந்தை டெகிட்டின் அக்கா வீட்டில் இருந்தாள். ஹெலிக் காட்டின் சைக்கிள் தடங்களில் இந்த ஒரு நாளைக் கரும்பு மாதிரி சக்கையாகும்வரை பிழிந்துவிடுவது என்று மேலெரி கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். காலையில் கடையில் பன்றி இறைச்சி வைத்த சூடான பன், உடம்பு சூடேற எளிதான நீலத் தடத்தில் ஒரு சுற்று, பிறகு கடினமான சிவப்புத் தடம், மதியம் தேநீரும் வெண்ணெய் தடவிய பழ ரொட்டியும், மறுபடி சிவப்பு. புறப்படும்போது மாப்லி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா, நான் தூங்கறதுக்குள்ள வந்துடுவியா?"

"வந்துடுவேன்டா கண்ணு. வராம எங்க போவேன்?"

முதல் சிவப்புச் சுற்றில்தான் ஹெவினைப் பார்த்தார்கள். காட்டு வாசலை ஒட்டிய வீட்டுக்காரர். இருட்டும் நேரத்தில், காட்டிலிருந்து வண்டி நிறுத்துமிடத்துக்குத் திறக்கும் இரும்புக் கதவைச் சாத்துவது அவர் வேலை, மற்ற நேரமெல்லாம் மோட் என்ற, ஆடு மேய்க்கும் தன் நாயோடு இந்தப் பாதைகளில் நடப்பார். ஒற்றையடிப் பாதையில் சைக்கிளும் நடப்பவரும் எதிர்ப்பட்டால், இங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முன்னால் போகிறவர் தனக்குப் பின்னால் எத்தனை பேர் என்று சொல்லவேண்டும், கடைசி ஆள் தான்தான் கடைசி என்று சொல்லவேண்டும். அதுவரை நடப்பவர் ஓரமாக ஒதுங்கி நிற்பார். இதை மறப்பவனுக்கு இந்தக் காட்டில் தண்ணீர்கூடக் கிடைக்காது.

"பின்னாடி ஒருத்தங்க!" என்று சொல்லிக்கொண்டே டெகிட் கடந்தான்.

"நான்தான் கடைசி, நன்றிங்க!" என்றாள் மேலெரி.

ஹெவின் தலையசைத்தார். ஆனால் பாதைக்குத் திரும்பவில்லை. நாயின் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, மரியாதையாக, இன்னும் ஒருவருக்கு வழிவிடுகிற மாதிரி ஒதுங்கியே நின்றார். மோட் காதுகளை மடக்கிக்கொண்டு உறுமியது. மேலெரி வளைவில் திரும்பும்போது பார்த்தாள். அவர் அப்போதுதான் பாதையில் ஏறினார்.

மதியம் டெகிட்டிடம் சொன்னாள். அவன் வாய் நிறையப் பழ ரொட்டியோடு சிரித்தான்.

"அப்போ நாம மூணு பேரா வந்திருக்கோம்னு சொல்லு. அந்த மூணாவது ஆளே இந்தத் தேநீருக்கும் காசு குடுக்கட்டும்."

"விளையாடாத. என் வண்டிச் சத்தம் எனக்குப் பின்னாடி கேக்குது."

"மரத்துல பட்டுத் திரும்புதும்மா. சரி, பயமா இருந்தா கிளம்பலாமா? குளிர்காலம், மூணரைக்கே இருட்டிடும்."

கிளம்பியிருக்கலாம். அவன் அதைக் கேலியாகக் கேட்காமல் இருந்திருந்தால் கிளம்பியிருப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டு, தலைக்கவசத்தின் வாரை இறுக்கினாள். ஆசை யாரை விட்டது?

"இன்னொரு சிவப்பு. அப்புறம் வீடு," என்றாள்.

மேலேறும்போது வெளிச்சம் பாலில் தண்ணீர் கலந்த மாதிரி இளைத்துக்கொண்டே வந்தது. பாசியும் ஈர மண்ணும் அழுகிய பட்டையும் கலந்த வாடை மூக்கில் ஒட்டியது, தூரத்தில் எங்கோ மரம் அறுக்கும் இயந்திரம் ஓய்ந்தபிறகு காடு முழுக்க அவர்களுடைய மூச்சு மட்டும்தான் கேட்டது. உச்சியில் டெகிட் கையைக் காட்டிவிட்டு இறங்கினான். மேலெரி அவனுக்கு இடைவெளி கொடுத்து, பிறகு தன் வண்டியை விட்டாள். கிர்ர்ர். அதற்குப் பின்னால், ஒரு வண்டி நீளத்தில், இன்னொரு கிர்ர்ர். இவள் மிதித்தால் அதுவும் மிதித்தது. இவள் விட்டால் அதுவும் விட்டது.

யாரோ நம்மைப் போலவே கடைசிச் சுற்று வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரே மாதிரி சக்கரம் ஊரில் ஒன்றுதானா இருக்கும்? இப்படி நினைத்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. பாதை அங்கே ஒரு கை அகலம், இடப்பக்கம் சரிவு.

அடுத்த வளைவில் ஹெவின் ஒதுங்கி நின்றிருந்தார், கதவைச் சாத்த இறங்கிக்கொண்டிருந்தவர். டெகிட் ஏற்கெனவே கடந்துவிட்டிருந்தான். பெரியவரின் பார்வை மேலெரியின் மேல் இல்லை. அவள் தோளுக்குப் பின்னால் இருந்தது. நாய் அவர் கால்களுக்கிடையில் புகுந்து நடுங்கியது.

பின்னால் வருகிறவருக்குச் செய்யவேண்டிய மரியாதை, நாக்கில் ஊறிப்போன பழக்கம். யோசிக்காமல் சொன்னாள்.

"பின்னாடி இன்னும் ஒருத்தங்க வர்றாங்க!"

"அப்படியாம்மா," என்றார் ஹெவின். அவர் முகத்தில் ஏதோ சஞ்சலம் தீர்ந்த மாதிரி இருந்தது. "காலைல இருந்து அவங்களை நீங்க கணக்குல சேக்கவே இல்லையேன்னு பாத்தேன்."

அந்தச் சொல் காதில் விழுந்து அர்த்தமாவதற்குள் அவரைத் தாண்டிவிட்டாள்.

பிரேக்கைத் தொட்டாள். பின்னால் இருந்தது பிரேக்கைத் தொடவில்லை. முதல் முறையாக. நெருங்கியது. மூச்சு கேட்டது. ஏற்றத்தில் அவளுக்கு வரும் அதே மூச்சு, முடிவில் சின்ன விசிலோடு.

"வலப்பக்கம் வர்றேன்!"

அவள் குரல்.

யாராவது அப்படிக் கத்தினால் ஓரம் கட்டவேண்டும். பத்து வருடமாக அவள் உடம்பு அதைச் செய்திருக்கிறது. மனம் வேண்டாம் என்று அலறிக்கொண்டிருந்தபோதே கை வண்டியை இடப்பக்கம் ஒடித்தது. வழிவிட்டது.

குளிர்ந்த மண் வாடையோடு அது கடந்தது. அவள் போட்டிருந்த அதே மஞ்சள் மழைச்சட்டை. முழங்கையில் ஒரு கிழிசல், நீல நூலால் கோணல்மாணலாகத் தைத்தது. அந்த நூலைத் தேர்ந்தெடுத்தவள் மாப்லி. மஞ்சளுக்கு மஞ்சள் நூல் வேண்டாம், நீலம்தான் அழகு என்று அடம்பிடித்தாள்.

மேலெரி தன் முழங்கையைப் பார்த்தாள். இருட்டிவிட்டதாலா? கை தெரியவில்லை.

"டெகிட்!"

கிர்ர்ர்.

மறுபடி கத்தினாள். வாயிலிருந்து வந்தது கிர்ர்ர் மட்டும்தான்.

மிதித்தாள். முன்னால் போகும் மஞ்சள் முதுகுக்கும் அவளுக்கும் ஒரு வண்டி நீளம். உயிரைக் கொடுத்து மிதித்தாள். ஒரு வண்டி நீளம். அது மிதித்தால் இவள் மிதித்தாள். அது விட்டால் இவள் விட்டாள். நிற்க நினைத்தால் நிற்க முடியவில்லை. கால்கள் அவள் சொல்லைக் கேட்கவில்லை.

மரங்கள் முடிந்தன. கீழே கதவு. விளக்கு. டெகிட் காரின் பின்னால் வண்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். குறுக்குவழியாக இறங்கிவிட்ட ஹெவின் கதவருகே சங்கிலியோடு நின்றார். மஞ்சள் மழைச்சட்டை கதவைத் தாண்டி நின்று, ஒரு காலை ஊன்றி, தலைக்கவசத்தைக் கழற்றியது. அவளுடைய தலைமுடி. அவளுடைய சிரிப்பு.

மேலெரி கதவுக்கு இந்தப் பக்கம், ஒரு வண்டி நீளத்தில் நின்றாள்.

"பயந்தியே, வந்துட்ட பாத்தியா," என்றான் டெகிட். அதன் கன்னத்திலிருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தான். "இந்தா, உன் மகராணி லைன்ல இருக்கா."

போனிலிருந்து அந்தக் குட்டிக் குரல் குளிர்ந்த காற்றில் மிகத் தெளிவாகக் கேட்டது.

"அம்மா! நான் இன்னும் தூங்கல!"

"இதோ வந்துட்டேன்டா கண்ணு," என்றது அது. "வராம எங்க போவேன்?"

இல்லை. மாப்லி. அது நானில்லை. அவளைத் தொடவிடாதே, டெகிட், அவளைத் தூக்கவிடாதே.

காற்றில் ஒரு கிர்ர்ர்கூட எழவில்லை.

"இன்னும் யாராச்சும் வர்றாங்களாம்மா?" ஹெவின் கேட்டார். "கதவைச் சாத்தணும்."

அது திரும்பி இருட்டைப் பார்த்தது. மேலெரியை நேராகப் பார்த்தது.

"இல்லைங்க. நான்தான் கடைசி."

கார் புறப்பட்டது. சிவப்பு விளக்குகள் சாலை வளைவில் மறைந்தன. அவள் மிதிக்கப் பார்த்தாள். சக்கரம் அசையவில்லை. பின்தொடர்ந்து போக முன்னால் யாரும் இல்லை.

மோட் அவள் நின்ற இடத்தைப் பார்த்து, காதுகளை மடக்கி, உறுமியது. ஹெவின் நாயின் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தார். பாதையை விட்டு ஓரமாக ஒதுங்கி, மரியாதையாகத் தலையைக் குனிந்து, கொஞ்ச நேரம் வழிவிட்டு நின்றார்.

பிறகு கதவைச் சாத்தி, சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார்.