மேலே இருக்கறதும் கீழே இருக்கறதும்

"நீங்க முதல்ல குடிங்க" என்றார் மாமியார்.

மாமனார் டம்ளரைப் பார்த்தார். "இது உன் காபியாச்சே?"

"அதனாலதான் சொல்றேன். குடிங்க!"

குடித்தார். மாமியார் அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சொருகுகிறதா, வாயில் நுரை வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். மாமனார் ஏப்பம் விட்டு, "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்றார். அதன் பிறகுதான் மாமியார் மிச்சத்தை வாங்கிக் குடித்தார்.

சில நாட்களாகக் காலைதோறும் இதுதான் நடந்தது. அடுப்படி வாசலில் நின்று மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள். 'நான் போட்ட காபிய ஒரு வாய் நிம்மதியா குடிக்க மாட்டேங்கறாங்களே... அப்படி என்ன பண்ணிட்டேன்!' மாமனாருக்கு மட்டும் வருத்தமே இல்லை. கல்யாணமான நாள் முதல் அரை டம்ளருக்கு மேல் பார்க்காத மனிதர் அவர்.

மருமகள் எலக்ட்ரிகல் எஞ்சினியர். மின்சார வண்டி செய்கிற கம்பெனியில் வேலை. எஞ்சினியர் என்றதும் முதலில் குடும்பமே பெருமைப்பட்டது. ஃபேன் ஓடாதபோது அவளைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க" என்றாள். அந்தப் பெருமை அன்றோடு சரி.

அவள் செய்வது ஒரு பெட்டி. வண்டியில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். பேட்டரி கொடுக்கும் மின்சாரம் பிடிவாதமாக ஒரே திசையில்தான் வரும். மோட்டாருக்கோ அது முன்னும் பின்னும் ஆடி ஆடி வந்தால்தான் ஆகும். இருவர் குணத்தையும் தெரிந்துகொண்டு நடுவில் நின்று சமாளிப்பது அந்தப் பெட்டியின் பாடு. கல்யாணமாகிக் கூட்டுக் குடும்பத்துக்கு வந்த பெண்ணுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

பெட்டிக்குள் மின்சாரத்தை வெட்டிவிடும் சுவிட்சுகள் ஜோடி ஜோடியாக இருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் ஒரு கணம் சேர்ந்தாற்போல் விழித்துக்கொண்டால் போச்சு, படார்! அதனால் மேலே உள்ளது முழுசாக அணைந்து, ஒரு இமைப்பொழுதிலும் இமைப்பொழுது கழிந்த பிறகே கீழே உள்ளதை எழுப்ப வேண்டும். அந்த இடைவெளிக்கு அவர்கள் தொழிலில் 'டெட் டைம்' என்று பெயர். செத்த நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் மாமியார் மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். விழுந்த சத்தம் பற்றித் தெருவில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. லாரி டயர் என்கிறது ஒன்று. இடி என்கிறது இன்னொன்று. தோள்பட்டையில் ஆபரேஷன் ஆகி, வலது கையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வந்தார். அன்றைக்கே மருமகள் கம்பெனியில் சொல்லிவிட்டு, மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசையைப் போட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினாள். மாமியாருக்குத் தலைவாரிப் பின்னுவது, சட்டைக் கை மாட்டிவிடுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அவள்தான்.

மாமியார் உறவுக்காரர்களுக்குப் போனில் சொன்ன விவரம் வேறு. "கம்பெனியில வரவேண்டாம்னுட்டாங்க போல. வீட்டுல உக்காந்து போன்ல கத்திக்கிட்டிருக்கா, பாவம்!" மருமகள் காதிலும் அது விழுந்தது. போய் மாத்திரையை எடுத்து வந்தாள். உங்களுக்காகத்தான் என்று சொல்லிக் காட்டினால், பின்னுகிற பின்னல்கூடக் கடனாகிவிடும் என்று நினைக்கிற பெண் அவள்.

இதையெல்லாம் கணவனிடமாவது சொல்லியிருக்கலாம். அவர் பல் டாக்டர். அவரிடம் வருகிறவர்கள் எல்லாரும் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பேச முடியாமல் கிடப்பார்கள். பதில் பேசுகிற மனிதர்களைச் சமாளித்து அவருக்குப் பழக்கமில்லை.

இந்த வீட்டில் மாமியாருக்கு மாடி அறை; மாமனாருக்குக் கீழ் அறை. எல்லாம் மாமனாரின் குறட்டை செய்த ஏற்பாடு. அதைக் கேட்டுத் தன் வண்டியை யாரோ கிளப்புவதாக எண்ணிப் பக்கத்து வீட்டுக்காரர் கட்டையோடு ஓடி வந்திருக்கிறார்.

ஒருநாள் பிற்பகல் மாமியார் படியிறங்கி வரும்போது, அடியிலிருந்து மருமகளின் குரல் கேட்டது.

"மேல இருக்கறதத்தான் முதல்ல முடிக்கணும். ஆமா... பழசு இல்லையா, சூடாச்சுன்னா லேசுல அடங்காது. முழுசா செத்துச்சான்னு பாத்துக்கங்க. பாதி உயிரோட இருக்கறப்ப கீழ இருக்கறதத் தொட்டுடாதீங்க, நாம மாட்டிக்குவோம்... பழி? பழி என்மேலதான் வரும், நான் பாத்துக்கறேன்!"

மாமியார் அப்படியே படியில் உட்கார்ந்தார். மேலே இருக்கறது... கீழே இருக்கறது... 'அடிப்பாவி! இந்தக் கையாலயா எனக்குத் தலைவாரினே!'

ஞாயிற்றுக்கிழமை காலை மாமியாரின் தம்பி வந்து இறங்கினார். எல்லாருக்கும் அவர் விசில் மாமா. பணிக்காலம் முழுவதும் நாற்சந்தியில் நின்று வண்டிகளை நிறுத்தியவர். ஓய்வு பெற்ற பின் நிறுத்த எதுவும் கிடைக்காமல் இளைத்துப்போயிருந்தார். அக்கா போனில் சொன்ன சேதியைக் கேட்டதும், கழுத்தில் பழைய விசிலை மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டுவிட்டார்.

கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மாமியார் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழத் தயாராக இருந்தார். மருமகளை நடுவில் உட்காரவைத்தார்கள்.

"பயப்படாதேம்மா. கேக்கறதுக்கு நேரா பதில் சொல்லு" என்றார் விசில் மாமா. "மேல இருக்கறத முடிக்கணும்னு போன்ல சொன்னியா?"

"சொன்னேன் மாமா. தினமுந்தான் சொல்றேன். அதுதானே என் வேலையே?"

துண்டுக்குள்ளிருந்து ஓர் ஓலம் எழுந்தது. விசில் மாமா ஒரு முறை ஊதி அதை அடக்கினார்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து."

"முன்னாடிலேர்ந்தா!" பல் டாக்டர் எழுந்தேவிட்டார். "என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொன்னேனே! நீங்கதான் ரொம்ப நல்ல வேலைன்னு தலையாட்டினீங்க!"

மாமியார் மகனைப் பார்த்த பார்வையில் அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"உன்கூட வேற யார் யார்?"

"எங்க டீம் பூரா இதுலதான் மாமா இருக்கு."

"இதுக்கு முன்னாடி எத்தனை போயிருக்கு?"

"அதை ஏன் கேக்கறீங்க... ஆரம்பத்துல வாரத்துக்கு ஒண்ணாவது வெடிக்கும்."

"கஷ்டமா இருக்காதாம்மா உனக்கு?" விசில் மாமாவே முன்னால் குனிந்து கேட்டார்.

"கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்காக ஒப்பாரியா வைக்க முடியும்? கழட்டிப் போட்டுட்டு அந்த எடத்துல புதுசா ஒண்ண மாட்ட வேண்டியதுதான்."

"என் எடத்துல புதுசா ஒருத்திய மாட்டுவாளாம்டா தம்பி!" என்று துண்டுக்குள் கதறினார் மாமியார். மருமகளின் காதுக்கு வந்தது அழுகை மட்டும்தான்.

மாமனார் மனைவியை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். யோசனையில் ஆழ்ந்தார். என்ன யோசித்தார் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

விசில் மாமா தொண்டையைச் செருமினார். "இந்த வேலைய இன்னையோட விட்டுடு. இந்தக் குடும்பத்துக்கு இது ஆகாது."

மருமகளின் முகம் சுருங்கியது. மேசையை மாடிப்படிக்கு அடியில் தள்ளி, குரலைத் தாழ்த்தி, சமையலையும் சுவிட்சையும் ஒரே தலையில் சுமந்து காப்பாற்றிய வேலை. அதுவும் கூடாதா! அத்தை காபியைக் குடிக்காததும் இதற்காகத்தானா!

"அத்தை... நான் இதைப் பண்றது உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருக்கா?"

துண்டு வாயிலிருந்து விழுந்தது. "இருக்காதாடி? உனக்கு யாராவது பண்ணினா தெரியும்!"

"சரி அத்தை. விட்டுடறேன்." கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. "படிச்சு முடிச்சதுலேர்ந்து இதுக்குத்தான் உசுரக் குடுத்தேன். அந்த வண்டி ஒரே ஒரு தடவை ஓடறதப் பாத்துட்டு விட்டுடலாம்னு இருந்தேன்... பரவால்ல. உங்க மனசு கோணி எனக்கு ஒண்ணும் வேணாம்."

"தப்பிச்சுப் போக வண்டி வேற ஏற்பாடு பண்ணியிருக்கியா!" என்றார் விசில் மாமா.

அப்போது மேசைமேல் போன் அடித்தது. ராஜினாமாவை இப்போதே சொல்லிவிடலாம் என்று அவள் எடுத்தாள். சோதனைக்கூடத்தில் அவளோடு வேலை செய்கிறவர் பேசினார். அவருக்குப் போன் என்பது ஒரு சம்பிரதாயம்தான். ஜன்னலைத் திறந்து பேசினாலே இங்கே கேட்கும்.

"மேடம்! மேல இருக்கறது போயிடுச்சு மேடம்! கூடவே கீழ இருக்கறதும் போயிடுச்சு! ஒரே புகை!"

மாமியார் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார். மூச்சு வந்துகொண்டிருந்தது. மாமனார் தன் மரணச் செய்தியைச் செய்தித்தாளைப் புரட்டுகிற நிதானத்துடன் ஏற்றுக்கொண்டார்.

"சூடா இருக்கறப்பவா?" என்று கேட்டாள் மருமகள். அழுகை எங்கே போனதென்றே தெரியவில்லை.

"ஆமா மேடம், நீங்க சொன்னபடியே! சூடேறினதும் மேல் சுவிட்ச் அணையறதுக்கு நேரமாச்சு, அதுக்குள்ள கீழ் சுவிட்ச் முழிச்சுக்கிச்சு. பெட்டியே காலி!"

"சுவிட்சா?" என்றார் மாமியார்.

போன் நிற்கவில்லை. "நீங்க நேர்ல இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா? தலைமைப் பொறுப்ப உங்ககிட்டதானே நீட்டினாங்க! மாமியாருக்குத் தோள்பட்டை, தலைவார ஆளில்லன்னு வேணாம்னுட்டீங்க. இப்ப வந்திருக்கிறவருக்குப் பெட்டியத் தொறக்கறதுக்கே கை நடுங்குது..."

"அப்புறம் பேசறேன்!" என்று அவள் அணைப்பதற்குள் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது.

விசில் மாமாவின் உதட்டிலிருந்து விசில் நழுவித் தொங்கியது.

"அப்ப அந்த மேல இருக்கறது..." மாமியாரின் குரல் எங்கோ கிணற்றிலிருந்து வந்தது. "நான் இல்லையா?"

"நீங்களா? எதுக்கு அத்தை நீங்க?"

"நீ எங்க ரெண்டு பேரையும் முடிக்கப் போறேன்னு... மேல நான், கீழ இவரு..."

மருமகள் மாடியைப் பார்த்தாள், கீழ் அறையைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. "அத்தை! உங்களையா! நானா! அதுக்காகவா காபிய மாமாவக் குடிக்க வெச்சீங்க!"

"ஓ!" என்றார் மாமனார். இப்போதுதான் அவருக்கு விளங்கியது. "அப்ப நான் செத்தாப் பரவால்லையா?"

மாமியார் எழுந்து மருமகளின் எதிரே வந்து நின்றார். கண்ணில் தண்ணீர், குரலில் கோபம்.

"ஏண்டி... ஏண்டி என்கிட்ட சொல்லல? பெரிய பொறுப்பக் குடுத்தா வாங்கிக்கறத விட்டுட்டு, என் சடையா ஒசத்தி? உனக்கு வேல போச்சுன்னு சொந்தக்காரங்க பூராவுக்கும் சொல்லிவெச்சிருக்கேனே! ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு மாத்திச் சொல்லணுமே! ஒத்தக் கையால எப்படிடி பண்ணுவேன்!"

சொல்லிக்கொண்டே அந்த ஒற்றைக் கையால் மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டார். நடுவில் தொட்டிலில் தொங்கிய கை நசுங்கியது. வலித்தது. விடவில்லை. "தப்புதாண்டி... தப்புதான்" என்று தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

"யோசிச்சுப் பாத்தா" என்றார் மாமனார், "மேல உள்ளதும் கீழ உள்ளதும் ஒண்ணா முழிச்சுக்கிட்டா வெடிக்குதுன்னா, அது நம்ம வீட்டு..."

"நீங்க சும்மா இருங்க!" மாமியாரும் மருமகளும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

"போ. கெளம்பு. போய் அந்தப் பொறுப்ப வாங்கு" என்று மாமியார் அவளைத் தள்ளினார்.

"உங்களுக்குத் தலைவார யாரு இருக்கா?"

"நான் வாரறேன்" என்றது ஒரு குரல். பல் டாக்டர்! அன்று மாலையே சீப்பை எடுத்துக்கொண்டு தாயின் பின்னால் நின்றார். பழக்க தோஷத்தில், "பெரிசா ஆ காட்டுங்கம்மா" என்றார். மாமியாரும் காட்டினார்.

கம்பெனிப் பெரியவர்கள் வேறு வழியில்லாமல் பொறுப்பை மருமகளிடமே கொடுத்தார்கள். பெட்டி சூடாகச் சூடாக, இரண்டு சுவிட்சுக்கும் நடுவே காத்திருக்கும் நேரத்தை அதுவே கூட்டிக்கொள்கிற மாதிரி அவள் மாற்றி அமைத்தாள். புகை நின்றது. முதல் வேன் தயாரானது. முதல் ஓட்டத்தில் பக்கத்தில் யாரை ஏற்றிக்கொள்வது என்று கேட்டார்கள். "எங்க அத்தைய" என்றாள்.

கம்பெனிக் கொட்டகைகளுக்குப் பின்னால் ஒரு வளைய ரோடு. ஓரத்தில் மாமனார், பல் டாக்டர், விசில் மாமா மூவரும் நின்றார்கள். வேனில் பாதிக்கு மேல் ஒயர்தான். இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மாமியார் ஏறி உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தார்.

"எனக்கொண்ணும் பயமில்ல. வெடிச்சா என்ன, பாக்காததா? நீ மெதுவாவே கெளப்பு. உங்க மாமாகிட்ட சாவிய எங்க வெச்சேன்னு சொல்லலயே... இந்தக் கதவு சாத்தியிருக்கா? எங்க தங்கச்சிக்கு நேத்துத்தான் போன் போட்டு மாத்திச் சொன்னேன், அவ நம்பவே மாட்டேங்கறா. ஆமா, எவ்வளவு நேரந்தான் உக்காந்திருக்கறது? எப்பத்தான் கெளப்பப் போறே?"

"போயிட்டுத்தான் இருக்கோம் அத்தை."

மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பினார். கொட்டகைகள் வழுக்கிக்கொண்டு பின்னால் போயின. விசில் மாமா கைகாட்டி நிறுத்தச் சொல்லிக்கொண்டே தொலைவில் சுண்டுவிரல் அளவாகிவிட்டார்.

"சத்தமே இல்லையே... எப்பலேர்ந்து?"

"எனக்கொண்ணும் பயமில்லன்னீங்களே, அப்பலேர்ந்து."

மாமியார் அவளைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையையும், ரோட்டை விட்டு விலகாத கண்ணையும், அந்தக் கண் பளபளப்பதையும் பார்த்தார். நல்ல கையை நீட்டி, அவள் முழங்கையில் மெல்ல வைத்துக்கொண்டார்.

வளையம் முழுவதையும் சுற்றி வந்து வேன் நிற்கும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இதுவரை சொன்னதையெல்லாம் கேட்டு நம்பியவர்கள் உண்டு. இந்த ஒன்றை நம்ப மட்டும், அந்த வீட்டை அறிந்தவர்களில் ஒருவரும் முன்வரவில்லை.