கொற்றிநாச்சியின் முகம்

வெள்ளாற்றின் மேலைக் கரையில் கதிரவன் சாய்ந்துகொண்டிருந்தான். குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் நீர்ப்பரப்பு சிவந்து கிடக்க, கீழ்வானில் எழுந்த முழுமதி மணற்பாடிக் கோட்டையின் மதில்மேல் தயங்கி நின்றது. அந்த எழிலைக் காண அன்று அங்கே யாருக்கும் மனமில்லை. அண்டை நாட்டுச் சிற்றரசன் மழவரையன் ஐந்நூறு குதிரை வீரர்களுடன் ஆற்று மணலில் வந்து நின்றான்.

"மணற்பாடி வீரர்களே, உங்கள் தலைவி கொற்றிநாச்சி சென்ற ஆண்டே காட்டுவழியில் தந்தையோடு மாண்டுபோனாள். திரைக்குப் பின்னால் இருப்பவள் யாரோ பணிப்பெண். அந்தக் குலத்தில் எஞ்சிய உறவு நான்தான். கதவைத் திறவுங்கள்" என்றான்.

வீரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, வாசகர்களே. பதினொரு மாதங்களாக அவர்கள் தலைவியின் குரலைக் கேட்டார்களே தவிர முகத்தைக் கண்டதில்லை. முகமூடிக் கூட்டமொன்று பல்லக்கை மறித்து அவள் தந்தையைக் கொன்ற அந்த மாலையில், இடப்புருவத்திலிருந்து தாடை வரை இறங்கிய வாள் அவள் உயிரை மட்டும் விட்டுவைத்தது. பிறர் முன் வரும் துணிவைக் கொண்டுபோய்விட்டது. தழும்பேறிய ஆடவனைப் பாடிப் போற்றும் நாட்டில் தழும்பேறிய பெண்ணுக்கு என்ன இடம் என்று எண்ணி எண்ணி, அரண்மனைக் கண்ணாடிகளையெல்லாம் அகற்றச் சொன்னாள்.

அண்மையில்தான், ஆளரவமற்ற விடியலில் முக்காடின்றிக் குதிரையேறிப் பழகினாள். ஒருநாள் மடைப்பள்ளிப் பெண் சாத்தி எதிரே வந்துவிட்டாள். அந்த முகத்தை நேராகப் பார்த்தவள், "அம்மா, நேத்துப் புளிக்கறியில உப்பு கூடிப்போச்சு, பொறுத்துக்கணும்" என்றாள். கொற்றி அறைக்குள் போய் வெகுநேரம் சிரித்தாள், பிறகு அழுதாள். மறுநாள் ஒரு கண்ணாடியைத் திரும்பக் கேட்டு வாங்கினாள்.

இப்போது திரைக்கு அப்பால் தளபதி நள்ளிவேள் வந்து நின்றான். அவளுக்கு மணமகனாகப் பேசப்பட்டிருந்தவன்.

"தேவி, வீரர்கள் குழம்பியிருக்கிறார்கள். எனக்கு ஐயமில்லை."

"அவர்கள் பார்க்க வேண்டும். நீங்களுந்தான்."

"நான் ஒருநாளும் கேட்கவில்லையே."

"தெரியும்" என்று சொல்லித் திரையை விலக்கி வெளியே வந்தாள் கொற்றி.

மதிலின் படிகளில் ஏறத் தொடங்கினாள். பாதியில் நின்றாள். திரும்பிப் போய்விட மனம் துடித்தது, பிறகு ஏறினாள். காவலனிடம் தீப்பந்தத்தை வாங்கி, இடக்கன்னத்தருகே உயர்த்திப் பிடித்து, முக்காட்டைத் தள்ளினாள்.

மதில்மேல் நின்ற வீரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வலப்பக்கம் அவர்கள் அறிந்த பழைய முகம். இடப்பக்கம் தீயொளியில் மின்னிய நீண்ட வடு. இரண்டுக்கும் நடுவே, எதிரியின் படையை நேராக நோக்கும் இரு கண்கள். மூத்த வீரனொருவன் வேலைத் தாழ்த்தினான்; பிறகு எல்லா வேல்களும் தாழ்ந்தன.

"மழவரையரே, பணிப்பெண்ணை நன்றாகப் பாருங்கள்."

மழவரையன் குதிரையைப் பின்னுக்கிழுத்தான். "இருக்க முடியாது. என் வாள் எலும்பைத் தொட்டதே!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே விளங்கிற்று. முகமூடிக்குள் இருந்தவன் யார் என்று அந்த ஆற்றங்கரை முழுவதும் அறிந்துகொண்டது. அவனுடைய குதிரை வீரர்களே இருவர் நெருங்கி, அவன் கையிலிருந்த கடிவாளத்தைப் பற்றினார்கள்.

நள்ளிவேள் வாளை உருவினான். "ஆணையிடுங்கள், தேவி."

"கொல்ல வேண்டாம். நாளைப் பகலில், ஊரார் அனைவரும் காண, நானே அரியணையில் அமர்ந்து இவன் வழக்கை விசாரிப்பேன். என் தந்தை மேல் ஆணை."

நள்ளிவேள் வாளை உறையிலிட்டான். ஆனால் அவன் பார்வை அவள் முகத்தைவிட்டு நீங்கவில்லை.

"என்ன பார்க்கிறீர்கள்?" என்றாள்.

"பதினொரு மாதக் கடன் இருக்கிறது, தேவி. இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன்."

கொற்றிநாச்சி தீப்பந்தத்தைத் தாழ்த்தாமல் நின்றாள்.