மூன்று இழுப்பு

மதியச் சாப்பாடு முடிந்து கட்டிலில் சாய்ந்த ஆறுமுகநயினாரின் வலது கை மோதிரம் ஒரு தடவை துடித்தது. உடனே படுக்கையறை விளக்கு எரிந்தது. அவர் விரலை அசைக்கவே இல்லை.

மகள் ஐஸ்வர்யா சென்னையிலிருந்து வாங்கி அனுப்பிய கறுப்பு மோதிரம் அது. கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் விளக்கு. இரண்டு தட்டினால் ஏசி. மூன்று தட்டினால் அறைக்கதவின் பூட்டு. தட்டு போய்ச் சேர்ந்ததும் மோதிரம் மெல்லத் துடித்துக் காட்டும். மில்லர்புரத்துப் புது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் படுத்த படுக்கையில் அதைத் தட்டிக் காட்டுவதில் அவருக்குத் தனிப் பெருமை.

தட்டி அணைத்தார். மறுபடி துடிப்பு. மறுபடி வெளிச்சம்.

கதவிடுக்கில் அதைப் பார்த்துவிட்டு அவர் மனைவி இந்துமதி வெளியே நின்று கேட்டாள். "என்ன, லைட்டப் போட்டுப் போட்டு அணைச்சிக்கிட்டுக் கெடக்கிய? தூக்கம் வரலியா?"

"ஏளா, நான் ஒண்ணும் பண்ணல. இந்த மோதிரம்தான் கிறுக்குப் புடிச்சி ஆடுது."

"கழட்டி வச்சிட்டுப் படுங்க. பின்னால துணி காயுது, எடுத்துட்டு வாரேன்."

கழற்றிப் பார்த்தார். வரவில்லை. விரல் வீங்கியிருந்தது. விளக்கருகே கையைப் பிடித்தபோது விரல் நுனிகளெல்லாம் வெளுத்து, வெகுநேரம் தண்ணீரில் கிடந்தவனுடையவை போலச் சுருங்கியிருந்தன. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரமாக இருக்கும் என்று வேட்டியில் துடைத்துக்கொண்டார். கைபேசியை எடுத்துப் பார்த்தார். மோதிரத்தில் சார்ஜ் இல்லை, காலையிலேயே தொடர்பு அறுந்துவிட்டது என்றது திரை.

அப்போது இரண்டு துடிப்பு.

ஏசி உறுமிக்கொண்டு எழுந்தது. முதலில் வந்த குளிர்ச்சியில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, டீசல் புகையும் வெயிலில் காய்ந்த ரப்பரும் உப்பும் கலந்த ஒரு வாடை அறை முழுக்கப் பரவி, தலையணைக்குள் இறங்கி, நாக்கின் அடியில் கசந்தது. அந்தக் காற்றை அவருக்குத் தெரியும். படகின் பின்பக்கம் டகடகவென்று ஓடும் கம்ப்ரசரிலிருந்து மஞ்சள் குழாய் வழியாகக் கடலுக்கடியில் சங்கு பொறுக்குகிறவன் வாய்க்குப் போகிற காற்று.

கிருபையின் காற்று.

பதினோரு வருடம் அவருக்காகச் சங்கு குளித்தவன் கிருபை. மூழ்கும்போது இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை படகில் இருப்பவன் கையில். ஒரு இழுப்பு என்றால் நல்லா இருக்கேன். இரண்டு என்றால் இன்னும் குழாய் விடு. மூன்று என்றால் தூக்கு. இருபத்துமூன்று நாளுக்கு முன்னால் படகோட்டி வராமல் போக, கயிற்றை நயினாரே வலது கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்ப்ரசர் வைத்துக் குளிப்பது கூடாது என்று தடை இருந்த நேரம். வடக்கே ரோந்துப் படகு தெரிந்தது. பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்திலிருந்து ஒருவனைத் தூக்கி முடிப்பதற்குள் வந்துவிடும். பிடித்தால் படகு போகும், பெயர் போகும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே கயிறு இழுபட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

அவர் கத்தியை எடுத்தார். முதலில் குழாய். பிறகு கயிறு.

நீரோட்டம் கொண்டுபோய்விட்டது என்று ஊருக்குச் சொன்னார். உடல் கிடைக்கவில்லை. கிருபையின் மனைவி ஜெபசெல்வி மட்டும் இந்த வீட்டு வாசலில் நின்று ஒன்றையே கேட்டாள்.

"அண்ணாச்சி, அவுக கயித்த இழுக்கலியா? மூணு இழுப்பு இழுத்திருப்பாவளே."

"இல்ல தாயி. ஒரு இழுப்புகூட வரல."

அவள் அழவில்லை. அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்போ அவுகளே வந்து சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மோதிரம் துடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

கதவில் பூட்டு விழுந்தது.

நயினார் எழுந்து போய்ப் பிடியைத் திருகினார். அசையவில்லை. மோதிரத்தைத் தட்டினார், மூன்று மூன்றாக, விரல் நோகத் தட்டினார். பூட்டு அசையவில்லை. ஏசி நின்றது. விளக்கு அணைந்தது. காதுக்குள் ஒரு வலி, ஊசி ஏறுவதுபோல, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஏறியது. முதன்முதலாக மூழ்குகிறவர்களுக்கு அப்படித்தான் வலிக்கும் என்று கிருபை சொல்லியிருக்கிறான்.

சன்னல் திரையை விலக்கினார். வெளியே சுள்ளென்ற வெயில். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள் இந்துமதி. நாலு எட்டுத் தூரம். கண்ணாடியை ஓங்கி அறைந்தார்; சத்தம் எழவில்லை. "ஏளா" என்று கத்தினார், வாய்தான் திறந்தது. அவள் திரும்பினாள். நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். வெயிலைத் தடுக்கும் காகிதம் ஒட்டி, வெளியிலிருந்து உள்ளே தெரியாத கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு, கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு, துணிக்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மூச்சு வரவில்லை.

தரையில் மல்லாந்தார். தரை குளிர்ந்திருந்தது. மணலாக இருந்தது. விரல்கள் அதில் புதைந்தன.

வலது கை தானாக உயர்ந்தது. மணிக்கட்டில் ஏதோ சுற்றியிருப்பது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அதை இறுகப் பற்றி இழுத்தார்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

மேலே யாரோ பிடித்திருந்தார்கள். கயிறு விறைப்பாக நின்றது. தூக்கு. தூக்குலே. கிருபை, தூக்கிரு.

உள்கூரை மெல்ல அலைந்தது. பச்சை வெளிச்சம் அதில் நெளிந்தது. வெகு உயரத்தில், கறுப்பாக, ஒரு படகின் அடிப்பாகம். அதன் விளிம்பிலிருந்து ஒரு தலை எட்டி, அவரைக் குனிந்து பார்த்தது. கண் இருக்க வேண்டிய இடங்களில் சிறு மீன்கள் புகுந்து புகுந்து வெளியே வந்தன. அது பார்த்துக்கொண்டே இருந்தது. அவசரமே இல்லாமல்.